காலையில் மட்டும் ஹேங் ஆகும் சிஸ்டம்: ஃபார்மட் போட்டும் சரியாகவில்லை, உதவுங்கள்

நகலகம்:
வணக்கம். கோத்தகிரியில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கடையில் இருப்பது ஒரே ஒரு அசெம்பிள் செய்த சிஸ்டம். நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம் இரண்டு, 240 ஜிபி எஸ்.எஸ்.டி., பழைய 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10.

மூன்று வாரமாகக் காலையில் கடை திறந்து ஆன் செய்தால், விண்டோஸ் படம் வந்து கீழே புள்ளிகள் இரண்டு சுற்று சுற்றிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸ், கீபோர்டு எதுவும் வேலை செய்யாது. ரீசெட் செய்தால் மறுபடியும் அதே. நாலைந்து முறை போராடினால் திறந்துவிடும். அப்புறம் இரவு கடை மூடும் வரை ஒரு தொல்லையும் இல்லை, ரீஸ்டார்ட் செய்தால்கூட ஒழுங்காக வருகிறது. தெரிந்த பையன் வந்து ஃபார்மட் போட்டுக் கொடுத்தான். மறுநாள் காலை பழைய குருடி கதவைத் திறடி.

ரேம் துடைப்பான்:
சார், ரேமைக் கழற்றி அந்தத் தங்க நிறப் பல்லைப் பென்சில் ரப்பரால் நன்றாகத் தேய்த்துத் துடைத்துப் போடுங்கள். நிறைய சிஸ்டம் இதிலேயே சரியாகிவிடும்.

மலையடிவாரம்:
விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்துவிட்டதே, அதனால் இருக்குமோ? 11க்கு மாறிப் பாருங்கள்.

சர்வீஸ் பெஞ்ச்:
ஆதரவு முடிந்தால் பாதுகாப்பு அப்டேட் வராது, அவ்வளவுதான். சிஸ்டம் திறக்காமல் போகாது. அதோடு, நான்காம் தலைமுறை பிராசசர் 11க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலிலேயே இல்லை.

ரேம் துடைப்பது தப்பில்லை. ஆனால் ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்த பின் ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே போட்டுப் பாருங்கள். அப்போதுதான் எது கெட்டது என்று தெரியும்.

அதைவிட முக்கியமாக எனக்கு மூன்று விவரம் வேண்டும். ஒன்று, பழைய 1 டிபி டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் எப்படி? சாகப்போகும் டிஸ்க் ஒன்று சும்மா மாட்டியிருந்தாலே போதும், மொத்த சிஸ்டமும் அதன் பதிலுக்குக் காத்து நிற்கும். இரண்டு, பிரிண்டர், கார்டு ரீடர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். மூன்றாவதுதான் பெரிய கேள்வி. காலையில் ஆன் செய்ததும் டெலீட் கீயை அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னாலேயே வரும் மதர்போர்டின் செட்டிங் திரை) போய், எதையும் தொடாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். அங்கே விண்டோஸே கிடையாது. அங்கேயும் நின்றுபோனால் விண்டோஸ் மேல் பழி போட முடியாது.

நகலகம்:
நான் சார் இல்லை, அக்கா என்று சொல்லுங்கள் போதும்.

ரேம் துடைத்தேன், ஒவ்வொன்றாகவும் போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. டிஸ்க்கைக் கழற்றினேன், பிரிண்டரைப் பிடுங்கினேன், அதே கதை. பயாஸில் உட்கார்ந்தேன் பாருங்கள், அதுதான் ஆச்சரியம். ஓரத்தில் மணி ஓடிக்கொண்டிருந்தது. நாலு நிமிடம் போல ஆனதும் நொடி எண் நின்றுவிட்டது. அம்புக்குறி கீ அழுத்தினாலும் அசையவில்லை.

இன்னொன்று, தேதி 2013 என்று காட்டியது. அது காரணமாக இருக்குமா?

சர்வீஸ் பெஞ்ச்:
அக்கா, தேதி பின்னால் போவது மதர்போர்டில் இருக்கும் நாணயம் மாதிரி பேட்டரி தீர்ந்ததால். சி.ஆர். 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும், 3 வோல்ட். அதை மாற்றிவிடுங்கள், ஆனால் ஹேங்குக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. பேட்டரி போனால் பயாஸ் செட்டிங் பழைய நிலைக்குப் போகும். டிஸ்க் பயன்முறை, அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் விதம், அதில் மாறியிருந்தால் நீலத் திரை வரும், இப்படி உறைந்து நிற்காது.

பயாஸிலேயே நின்றதால் இது ஹார்டுவேர்தான். ஃபார்மட் போட்டது வீண் வேலை. இப்போது நீங்கள் முதலில் எழுதியதையே திரும்பப் படித்தேன். காலையில் மட்டும். கோத்தகிரி. கடைக்குள் காலையில் எவ்வளவு குளிர்?

நகலகம்:
இந்த மாதம் திறக்கும்போது 10 டிகிரிக்குக் கீழேதான் இருக்கும். இரவெல்லாம் பூட்டிக் கிடக்கிறது, தரை சிமென்ட். விரல் விறைத்துப்போய் டைப் அடிக்கவே வராது.

சர்வீஸ் பெஞ்ச்:
சரி, பிடிபட்டது என்று நினைக்கிறேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் (சிஸ்டத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மதர்போர்டிலும் உருளை உருளையாக கெபாசிட்டர் இருக்கும். பலவற்றுக்குள் இருப்பது ஒரு திரவம். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து அது மெல்ல வற்றும். வற்றிய கெபாசிட்டருக்குக் குளிர் ஆகாது, உள்தடை ஏறிவிடும், மின்சாரத்தைச் சீராக்கும் வேலையைச் செய்யாது. தேங்காய் எண்ணெய் மார்கழியில் கட்டிக்கொள்ளும் மாதிரி இது உறைவதில்லை, ஆனாலும் கிட்டத்தட்ட அந்தக் கதைதான். கொஞ்ச நேரம் மின்சாரம் ஓடினால் சூடேறி வேலைக்கு வந்துவிடும். நாலைந்து முறை போராடினால் திறக்கிறது என்கிறீர்களே, போராட்டத்தால் இல்லை அக்கா, அந்த நேரத்தில் சூடேறுவதால்.

மல்டிமீட்டர் இருந்தால் சும்மா இருக்கும் டிஸ்க் பவர் ஒயரில் பாருங்கள். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் 12 வோல்ட், 11.4க்குக் குறையக் கூடாது. சிவப்புக்கும் கறுப்புக்கும் 5 வோல்ட், 4.75க்குக் குறையக் கூடாது. ஆனால் அளவு சரியாக இருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். மீட்டர் சராசரியைத்தான் காட்டும், நடுவில் நடுங்குவது அதில் தெரியாது.

ரேம் துடைப்பான்:
வீட்டில் ஹேர் டிரையர் இருக்கிறதா அக்கா? எங்கள் கடைப் பெரியவர் செய்வார். பவரைப் பிடுங்கிவிட்டு, ஒரு நாள் காலை மதர்போர்டுக்கு மட்டும் இரண்டு நிமிடம் மிதமான சூட்டில் காட்டி ஆன் செய்யுங்கள். மறுநாள் எஸ்.எம்.பி.எஸ். துளை வழியாக மட்டும். எந்த நாள் ஒரே தடவையில் திறக்கிறதோ அங்கேதான் நோய்.

சர்வீஸ் பெஞ்ச்:
அருமை, இதை நானே சொல்லியிருக்க வேண்டும். டிரையரை ஒரே இடத்தில் பிடிக்காமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். அப்படியே மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி இருக்கும் கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள், உப்பியிருக்கிறதா என்று.

நகலகம்:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், பள்ளிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் பிரிண்ட் வேலை குவிந்துவிட்டது.

மதர்போர்டில் உப்பல் எதுவும் இல்லை. பக்கத்து எலெக்ட்ரீஷியன் தம்பியின் மீட்டரில் குளிரில் 11.6, மதியம் 11.9. நீங்கள் சொன்ன கணக்கில் இரண்டுமே பாஸ். முதல் நாள் போர்டுக்குச் சூடு காட்டினேன், வழக்கம் போல நின்றது. மறுநாள் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குக் காட்டினேன். ஒரே தடவையில் திறந்தது! கடைக்கு வந்த பாட்டி ஒருவர், “கம்ப்யூட்டருக்கும் குளிர் ஜுரமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

சர்வீஸ் பெஞ்ச்:
ஒரு நாள் திறந்தது தற்செயலாகவும் இருக்கலாம். உடனே வாங்க வேண்டாம், நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி இரண்டு காலை ஓட்டிப் பாருங்கள். சரியானால் 450 வாட் போதும், உங்களிடம் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையே. 80 பிளஸ் முத்திரை (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) உள்ளதாகப் பாருங்கள். 500 ரூபாய்க்குப் புது எஸ்.எம்.பி.எஸ். என்று யாராவது நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நகலகம்:
இரவல் பெட்டியில் இரண்டு காலை ஓடியது, நேற்று புதிது வாங்கி மாட்டிவிட்டேன், 2,000 ரூபாய்க்குச் சற்று மேல். இன்று காலை பல் கிட்டிக்கும் குளிர். ஒரே தடவையில் திறந்தது. பேட்டரியும் மாற்றியாயிற்று, தேதி சரியாக நிற்கிறது. ஃபார்மட்டில் போன பழைய பத்திரிகை டிசைன்கள்தான் திரும்ப வராது, அது என் தலையெழுத்து.

ரேம் துடைப்பான்:
அந்த டிரைவில் புதிதாக எதையும் காப்பி செய்யாமல் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம் அக்கா. எஸ்.எஸ்.டி.யில் இருந்ததா, 1 டிபியிலா?

நகலகம்:
எஸ்.எஸ்.டி. தம்பி.

ரேம் துடைப்பான்:
அப்படியென்றால் கஷ்டம்தான். எஸ்.எஸ்.டி. அழித்த இடத்தைத் தானே காலி செய்துவிடும். கஸ்டமர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய காப்பி ஏதாவது கிடக்கிறதா என்று தேடுங்கள்.