கற்றுக்குட்டியாக நீங்கள் எடுத்த முதல் டிங்கி (சின்னப் பாய்ப்படகு) எது?

நீர்த்தேக்கக்காரன்

இங்கிலாந்தில் ஒரு நீர்த்தேக்கத்து கிளப். போன வருஷம் ஆர்.ஒய்.ஏ. (அங்கத்துப் படகோட்டச் சங்கம்) பயிற்சியின் இரண்டாம் நிலை முடித்த கையோடு பழைய லேசர் படகு ஒன்று வாங்கினேன். பயிற்சி முழுக்க வேஃபேரரில். அது பதினாறு அடி நீளம், எருமை மாதிரி, எதற்கும் அசையாது. லேசர் அப்படி இல்லை என்று சொன்னார்கள், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிளப்பில் பாதிப் பேரிடம் லேசர் இருக்கிறது, தனி ஆளாக ஓட்டலாம், உதிரிப்பாகம் சுலபமாகக் கிடைக்கும். யோசித்தது அவ்வளவுதான். பாய் பெரியது, 7.06 சதுர மீட்டர். என் எடை 61 கிலோ.

இரண்டாவது சனிக்கிழமை காற்று நாலு ஃபோர்ஸ் இருக்கும், ஓரளவு பலமான காற்று. காற்றோடு ஓடிக்கொண்டிருந்தவன் ஜைப் அடித்தேன், அதாவது பாயை மறுபக்கம் மாற்றித் திரும்பினேன். பாயை இழுக்கிற மெயின்ஷீட் கயிறு போய்ப் படகின் பின் மூலையில் மாட்டிக்கொண்டது. லேசர்காரர்களுக்கு மேலே சொல்லவே வேண்டாம். படகு முழுசாகக் குப்புறக் கவிழ்ந்து, பாய்மரத்தின் உச்சி அடியில் இருந்த சேற்றில் குத்தி நின்றுவிட்டது. நிமிர்த்துவதற்காகப் படகின் அடிப்பலகையான டாகர்போர்டைப் பிடித்துத் தொங்கினேன். ம்ஹூம்.

ரெஸ்க்யூ போட்டில் வந்தவருக்கு எழுபது வயதாவது இருக்கும். கயிறும் போடவில்லை, அடிபட்டதா என்றும் கேட்கவில்லை. இஞ்சினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "நீ எத்தனை கிலோ?" என்றார். பல் கிட்டிக்க அறுபத்தொன்று என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம்தான் கயிற்றை எடுத்தார்.

ஆறு மாதமாக அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் கதை என்ன?

ராயபுரத்தான்

சார், அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்தப் பெரிய பாயை அடக்க 61 கிலோ போதாது. நீங்கள் படகு வாங்கும்முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, தாத்தா கொஞ்சம் தாமதமாகக் கேட்டுவிட்டார்.

நான் சென்னைத் துறைமுகத்துக்குள் கற்றவன். என்டர்பிரைஸ், நீலப் பாய், இரண்டு பேர் படகு. பின்னால் சீனியர் ஒருவர் டில்லர் (சுக்கான் கைப்பிடி) பிடிப்பார், எனக்கு முன்னால் ஜிப்பை, அதாவது முன்பாயை, இழுக்கிற வேலை மட்டும். காலையில் காற்று கரைப்பக்கத்திலிருந்து மெதுவாக வரும், தண்ணீர் தட்டு மாதிரி கிடக்கும். மதியம் கடல்காற்று எழும்பினால் அது வேறு ஊர். அப்படி ஒரு மதியம் கவிழ்ந்தோம்.

நிமிர்த்துவது பெரிய விஷயமில்லை. நிமிர்ந்த படகுக்குள் விளிம்புவரை தண்ணீர், அதுதான் விஷயம். இறைக்க வைத்திருந்த பெயிண்ட் டப்பாவைக் கயிறு போட்டுக் கட்டாததால் அது தன் பாட்டுக்கு மிதந்து போய்விட்டது. சீனியர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி நீட்டினார். தொப்பியால் இறைத்தேன், அரை மணி நேரத்துக்கு மேல். கொஞ்ச தூரத்தில் ஒரு டக், கப்பல்களை இழுக்கிற படகு, சும்மா நின்றது. அதன் மேல்தட்டில் ஒருத்தர் கண்ணாடி டம்ளரில் டீ குடித்துக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு டீயைக் குடித்து முடித்துவிட்டு உள்ளே போய் இன்னொரு டீயோடு வந்தார்! கவிழ்ந்ததுகூட மறந்துவிடும் போலிருக்கிறது, அந்த இரண்டாவது டீ மறக்கவில்லை.

ஆனாலும் புதுசாக வருகிறவன் முதலில் இரண்டு பேர் படகில் முன்னால் உட்கார வேண்டும் என்பதுதான் என் கட்சி. சென்னைப் பெண் நேத்ரா குமணன் லேசர் ரேடியலில், அதாவது சின்னப் பாய் வைத்த லேசரில், டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன பிறகு, வருகிறவர்கள் எல்லாம் எடுத்த எடுப்பில் "லேசர் ரேடியல் இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். டிவியில் பார்த்த படகு வேறு, உங்கள் முதல் படகு வேறு.

ஈஸ்ட்கோஸ்ட்அம்மா

எனக்குப் படகு ஓட்டத் தெரியாது. மகனுக்காக நான் எடுத்த முடிவு இது. சிங்கப்பூர்.

ஆப்டிமிஸ்ட் என்கிற சிறுவர் படகை 15 வயதுவரை ஓட்டலாம் என்று படித்தேன். அவனுக்குப் பதினொன்று. நாலு வருஷம் உழைக்குமே என்று கணக்குப் போட்டு, பள்ளி சீருடை வாங்குகிற மாதிரி வாங்கிவிட்டேன். ஆப்டிமிஸ்ட் எவ்வளவு சின்னது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், 2.36 மீட்டர், முன்பக்கம் வெட்டிவிட்ட பெட்டி மாதிரி. பன்னிரண்டு முடியும்போது அவன் 54 கிலோ.

லேசான காற்று நாட்களில் அவனைவிடச் சின்னப் பிள்ளைகள் வரிசையாகத் தாண்டிப் போவார்கள். பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிக வகுப்பில் சேர்த்தேன். ஒரு நாள் சரிவில் படகை இழுத்துக்கொண்டு வந்தான். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. "அம்மா, நான் உட்கார்ந்தா பின்பக்கம் தண்ணிய இழுக்குது. சத்தம் கேக்குது" என்றான். எத்தனை வாரமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஓட்டியிருப்பான்!

அடுத்த மாதம் ஐஎல்சிஏ 4க்கு, லேசரிலேயே மிகச் சின்னப் பாய் வைத்ததற்கு, மாற்றினோம். அவன் இப்போது நன்றாக இருக்கிறான். எனக்குத்தான் ஆறவில்லை.

அடைப்பான்_மறக்காதே

ராயபுரத்தாருக்கு ஒரு மறுப்பு. "டிவியில் பார்த்த படகு வேறு" என்பது தவறு. படகு அதேதான். லேசரில் உடல் ஒன்று, 4.23 மீட்டர், வெறும் உடல் 59 கிலோ. மாறுவது பாய்மரத்தின் அடிக்குழாயும் பாயும் மட்டும். 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர் என்று மூன்று அளவு. பெயர்தான் இப்போது ஐஎல்சிஏ 7, 6, 4. நடுவில் உள்ளதுதான் ரேடியல். அதனால் இந்தப் பேச்சைத் தொடங்கியவர் படகை விற்கவே வேண்டாம். ரேடியலின் அடிக்குழாயும் பாயும் பழசாக வாங்கினால் போதும், மேல்குழாய் இருப்பதே பொருந்தும். காற்று ஓய்ந்த நாளில் பெரிய பாய், மற்ற நாளில் சின்னது. பிறகு, கவிழ்ந்தால் தொட்டியாவது எல்லா என்டர்பிரைஸும் இல்லை, பழைய உடல்கள்தான்.

என் கதை சின்னது. வாங்கின முதல் நாள், பின்பக்கத்தில் தண்ணீர் வடிக்கிற ஓட்டையின் அடைப்பானைத் திருகாமல் இறங்கிவிட்டேன். படகு சோம்பலாகப் போகிறதே, காற்று குறைந்துவிட்டதோ என்று ஒரு மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். கரைக்கு வந்து ட்ராலியில் ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது.

பழசு வாங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லைதான். பாய்மரம் நிற்கும் குழி இருக்கிறதே, அதில் தண்ணீரை ஊற்றுங்கள். விளிம்பில் பென்சிலால் கோடு போடுங்கள். கால் மணி நேரம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் குழியின் அடி விரிந்து தண்ணீர் உடலுக்குள் போகிறது என்று அர்த்தம். பலத்த காற்றில் ஒருநாள் மரம் தளத்தைக் கிழித்துக்கொண்டு சாயும். அடுத்தது, படகைப் பக்கவாட்டில் தூக்கி ஆட்டிக் காதை வையுங்கள், இளநீர் மாதிரி குலுங்கினால் உள்ளே தண்ணீர். குழியைச் சுற்றித் தளத்தைக் கட்டை விரலால் அழுத்துங்கள், அமுங்கக் கூடாது. பாயைக் கசக்கிப் பாருங்கள். புது நோட்டு மாதிரி சரசரக்க வேண்டும். துவைத்த வேட்டி மாதிரி குழைந்தால் பந்தயத்துக்கு ஆகாது, கற்றுக்கொள்ளத் தாராளமாக ஆகும், ஆனால் விலையைக் குறையுங்கள். ட்ராலி சேர்த்தா என்று கேளுங்கள். ட்ராலி இல்லாத படகு, கன்று இல்லாத கறவை. மரப்படகாக இருந்தால் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் மூலைகளில் மெதுவாகக் குத்திப் பாருங்கள், விற்பவர் பார்க்காத நேரத்தில். கிளப்பில் படகு நிறுத்தக் கட்டணம், மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ், இரண்டையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

ராயபுரத்தான்

கதை நாலு வரி, உபதேசம் நாற்பது வரி. நாங்கள் ஓட்டியது பழைய உடல்தான் சார், கிளப்பில் புதுசு யார் தருவார்கள்? இருந்தாலும் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிற விஷயம் எனக்குப் புதுசு.

வல்வைப்பேரன்

டொரன்டோவில் இருக்கிறேன், ஊர் வல்வெட்டித்துறை. எங்கட ஊரில் கட்டின அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரைக்கும் பாயில் ஓடிப் போன கப்பல். அந்தக் கதை கேட்டு வளர்ந்தவன். ஆகவே கிளப்பில் சேரும்போது ஒரு மிதப்பு இருந்தது, ஒளிப்பானேன்.

முதல் நாள் பதிவு மேசையில் ஒரு சின்னப் பெட்டை, பதினேழு வயது இருக்கும், "நீந்தத் தெரியுமா?" என்று கேட்டா. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மே மாதக் கடைசி. வெளியில் வெயில், ஒன்டாரியோ ஏரித் தண்ணீர் இன்னும் ஐஸ்தான். குளிர் தாங்கும் வெட்சூட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அல்பகோர் என்ற இரண்டு பேர் படகில் ஏறினேன். இருபது நிமிடத்தில் தண்ணீருக்குள். மூச்சு உள்ளே இழுபட்டதே தவிர வெளியே வரவில்லை. என்னைத் தூக்கி ஏற்றியதும் அதே பிள்ளைதான். ஒரு வார்த்தை கதைக்கவில்லை, தன் கம்பளித் தொப்பியை எடுத்து என் தலையில் மாட்டிவிட்டா.

நான் இன்றுவரை படகு வாங்கவில்லை. நாலு கோடை போய்விட்டது, எல்லாம் கிளப் படகு. சந்தாவுக்குள்ளேயே அல்பகோரும் லேசரும் ஓடிப் பார்த்தாயிற்று. எந்தப் படகு என்று இங்கே எல்லோரும் அடிபடுகிறீர்கள். முதல் வருடம் ஏன் வாங்க வேண்டும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஈஸ்ட்கோஸ்ட்அம்மா

நான் கேட்டிருக்கலாம். பயிற்சியாளர் கிளப் படகையே ஒரு வருஷம் தருகிறேன் என்றுதான் சொன்னார். நான்தான் "சொந்தமாக இருந்தால் அக்கறை வரும்" என்றேன்.

நீர்த்தேக்கக்காரன்

வல்வைப்பேரன் அண்ணா, வாங்கித் தொலைத்தாயிற்றே! ரேடியல் குழாயும் பாயும் கிளப்பிலேயே ஒருவர் தருகிறேன் என்றார். யார் என்று நினைக்கிறீர்கள்? ரெஸ்க்யூ போட் தாத்தா. பேரன் பெரிய பாய்க்கு மாறிவிட்டானாம். "அன்றைக்கே உனக்குத்தான் என்று நினைத்தேன், எடை சரியா என்று கேட்டுக்கொண்டேன்" என்கிறார். ஆறு மாதம் சொல்லாமல் இருந்திருக்கிறார் மனிதர்.

அது ஒரு பக்கம். அடைப்பான் சார், இன்று காலை தோட்டத்தில் படகை மட்டமாக வைத்து, குழியில் தண்ணீர் ஊற்றி, பென்சில் கோடு போட்டேன். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் கோட்டுக்குக் கீழே இரண்டு அங்குலம் இறங்கியிருக்கிறது. குழியில் விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்து என்ன செய்வது? எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுதுங்கள்.