சூரையில மேர்க்கூரி (பாதரசம்) பூச்சியம் காட்டுது, என்ன பிழை விட்டனான்?

கொட்பே_பொடியன்:
திருகோணமலைப் பக்கம் ஆராவது ஃபூட் லாப்ல வேலை செய்றீங்களோ? ஃபைனல் இயர் புரொஜெக்ட்டுக்கு கொட்பேயில வாங்கின சூரையில ஈயம், கட்மியம், மேர்க்கூரி மூண்டும் பாக்கிறன். எங்களிட்ட இருக்கிறது ஒரு மஃபிள் ஃபர்னஸும் (சாம்பலாக்கிற சூளை) ஹொட் பிளேட்டும்தான், மைக்ரோவேவ் டைஜெஷன் (மூடின பாத்திரத்தில அசிட்டோட சூடாக்கிக் கரைக்கிறது) எண்டா கொழும்புக்கு அனுப்போணும், அதுக்குக் காசு. 500 டிகிரில சாம்பலாக்கி அசிட்ல கரைச்சுப் பாத்தா ஈயம் வந்துது, கட்மியம் கொஞ்சமா வந்துது, மேர்க்கூரி சுத்தப் பூச்சியம். அவ்வளவு பெரிய சூரையில இல்லாம இருக்குமோ? சேர் திருப்பிச் செய் எண்டுட்டுப் போயிட்டார்.

லாப்_அக்கா:
தம்பி, உங்கட மேர்க்கூரி புகையோட போயிட்டுது 😄 357 டிகிரில கொதிக்கிற சாமானை 500ல வச்சா என்ன மிஞ்சும்? பத்துத் தரம் செய்தாலும் பூச்சியம்தான். ஈயம், கட்மியத்துக்கு சாம்பல் முறை பிழையில்ல, ஏஓஏசி 999.11 எண்ட உணவுப் பரிசோதனைத் தர முறை அதுதான், ஆனா அதில 450 டிகிரி, அதுவும் மணிக்கு 50க்கு மேல கூட்டாம மெல்ல மெல்ல ஏத்தோணும். கட்மியம் குறைஞ்சதும் உங்கட அவசரத்தாலயா இருக்கலாம். மைக்ரோவேவ்ல அரை கிராம் அளவு சாம்பிள், நைட்ரிக் அசிட், கொஞ்சம் பெரொக்சைட் போட்டு டெஃப்லோன் பாத்திரத்தை இறுக்கி மூடி 200 டிகிரி கிட்ட விடுறது, மூடியிருக்கிறதால மேர்க்கூரி தப்பி ஓட வழியில்ல.

பழைய_கெமிஸ்ட்:
அக்கா சொன்னது சரி. ஹொட் பிளேட்ல திறந்த பீக்கர்ல காய்ச்சினாலும் மேர்க்கூரி போகும், ரிஃப்ளக்ஸ் கண்டென்சர் (ஆவியைக் குளிராக்கித் திருப்பி விடுற குழாய்) பூட்டிக் காய்ச்சலாம், பிறகு கோல்ட் வேப்பர் ஏஏஎஸ்ல (மேர்க்கூரியை ஆவியாக்கி அளக்கிற முறை) அளக்கலாம். கெதியா கரையும் எண்டு பெர்குளோரிக் அசிட் பக்கம் மட்டும் போயிடாதீங்கோ, கொழுப்புள்ள மீனோட அது வெடிக்கும், அதுக்கெண்டு தனி ஹூட் (புகை இழுக்கிற கூடு) வேணும். ஸ்பைக் (தெரிஞ்ச அளவு உலோகம்) போடுறதெண்டா டைஜெஷனுக்கு முதலே போடுங்கோ, கடைசில போட்டா ரிக்கவரி (போட்டதில திரும்பக் கிடைக்கிற அளவு) 100 வீதம் வரும், அது உங்களை நீங்களே ஏமாத்திறது. பீக்கரெல்லாம் 10 வீத நைட்ரிக்ல ராவைக்கு ஊறட்டும், ஈயத்துக்கு பிளாங்க் (மீன் போடாத வெறும் சாம்பிள்) அளவு ஏறுறது அங்கதான்.
மீனை எப்பிடிக் காய வச்சனீங்கள்?

கொட்பே_பொடியன்:
ஓவன்ல அண்ணை, 105ல ஒரு ராத்திரி...

பழைய_கெமிஸ்ட்:
சரியாப் போச்சு. அதிலயும் கொஞ்சம் போயிருக்கும். ஃப்ரீஸ் டிரையர் (உறைய வச்சுக் காய வைக்கிற மெஷின்) இல்லாட்டி பச்சையா அரைச்சே நிறுங்கோ. ஐரோப்பாவில சூரைக்கு மேர்க்கூரி லிமிட் கிலோவுக்கு 1.0 மில்லிகிராம், அது பச்சை எடைக்கு. ஈரம் 75 வீதம் எண்டா காஞ்சதில 2.0 வந்தாலும் பச்சையில 0.5தான், இதை மாத்தி எழுதி வைவாவில மாட்டினவையக் கண்டிருக்கிறன்.

கொட்பே_பொடியன்:
விளங்குது அண்ணை. அப்ப ஈயம் கட்மியத்தை இஞ்ச 450ல செய்துட்டு மேர்க்கூரிக்கு மட்டும் கொழும்புக்கு அனுப்பிறன். பாதி மீன் வீட்டு ஃப்ரீசர்ல கிடக்கு, அம்மா குழம்புக்கு எடுக்க முதல் ஓடிப்போய்ச் சொல்லோணும்.