கழுத்துத் தண்டுவடக் காயம்: தம்பியால் இரும முடியவில்லை, என்ன செய்வது?

குலசேகரம் அக்கா:
தம்பிக்கு 26 வயது. தேங்காய் வெட்ட ஏறியவன் விழுந்து, கழுத்தில் 5, 6ஆம் எலும்புகளுக்கு இடையே தண்டுவடம் நசுங்கிவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறான். முழங்கையை மடக்குவான், விரல் அசையாது. மூச்சுதான் பெருங்கவலை. நெஞ்சில் சளி கொரகொரவென்கிறது. இருமினால் வெறும் காற்றுதான் வருகிறது. மூச்சிழுக்கும்போது வயிறு எழும்புகிறது, நெஞ்சு உள்ளே அமுங்குகிறது. தலையணை அடுக்கி உட்காரவைத்தால் "மூச்சு எட்டவில்லை, என்னைக் கிடத்து" என்கிறான். படுத்தால்தான் மூச்சு முட்டும் என்று அம்மா மறுபடி தூக்கி உட்காரவைக்கிறாள். தினமும் இதே வழக்கு. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கஷாயம் சொல்கிறார்கள். ஆவி பிடிக்கவும் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

முட்டம் கரையாள்:
தம்பி சொல்வதைக் கேளுங்கள், தங்கச்சி. எனக்கும் அதே இடத்தில்தான் அடி. வள்ளம் கரையேறும்போது அலை தூக்கி மணலில் தலைகுத்த வீசியது. இதைக்கூட வாயால் சொல்லித்தான் போனில் எழுதுகிறேன்.

மூச்சிழுக்கும் பெரிய தசை உதரவிதானம். அதற்குப் போகும் நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்புகளிலிருந்து கிளம்புகிறது. அது பிழைத்ததால்தான் தம்பி இயந்திரம் இல்லாமல் மூச்சுவிடுகிறான். விலா இடுக்குத் தசைகளும் வயிற்றுத் தசைகளும்தான் செயலற்றுப் போயின. வயிற்றில் பிடிப்பு இல்லாததால், உட்காரும்போது குடல் முன்னால் சரிகிறது. உதரவிதானமும் கூடவே இறங்கித் தட்டையாகிவிடுகிறது. படுத்தால் குடலே அதை மேலே தள்ளிக்கொடுக்கும். அம்மாவிடம் சண்டை வேண்டாம், அவள் பார்த்த ஆஸ்துமாக்காரர்களுக்கு உட்காருவதுதான் சுகம்.

உட்காரவைக்கும் முன் வயிற்றுக்கு பெல்ட் கட்டுங்கள். பிரசவமான பெண்கள் கட்டுவார்களே, அதுபோன்றதுதான். விலா எலும்புமேல் ஏறக் கூடாது. கஞ்சி கொடுக்கும்போது மட்டும் கட்டாயம் உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும். புரையேறினால் வெளியே தள்ள அவனுக்கு இருமல் இல்லை.

அந்த இருமலை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். என் மனைவி மீன்கூடை சுமந்தவள், அவள் கையால்தான் நான் இருமுகிறேன். தொப்புளுக்குச் சற்று மேலே உள்ளங்கையின் அடிப்பாகத்தைப் பதிப்பாள், மறுகை அதன்மேல். நான் ஆழமாக இழுத்து, அடக்கி, கண்ணைச் சிமிட்டுவேன். இருமும் அந்த நொடியில் உள்ளும் மேலுமாக ஒரே தள்ளு. சளி தொண்டைக்கு வந்துவிடும், துண்டால் வழித்தெடுப்பாள். வள்ளம் தள்ளுகிற பலம் தேவையில்லை. நேரம் தப்பக் கூடாது. சாப்பிட்டவுடன் செய்யாதீர்கள். விலா முறிந்திருந்தாலும் வேண்டாம். முதல்முறை பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்கட்டும்.

கஷாயம் சளியை இளக்கினாலும் வெளியே தள்ள ஆள் வேண்டுமே!

பிசியோதெரபிஸ்ட், தக்கலை:
அண்ணன் சொன்னது சரி. ஆவி பிடிப்பதுதான் எனக்குப் பயம். மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்கு வெந்நீர் கொட்டினாலும் தெரியாது. ஆவிப் பாத்திரத்தை அருகிலேயே கொண்டுபோகாதீர்கள். இருமலை அடக்கும் மருந்தையும் தூக்க மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. குறட்டையும் காலைத் தலைவலியும் இருந்தால் சொல்லுங்கள், இந்தக் காயத்தில் தூக்கத்தில் மூச்சு தடைபடுவது சாதாரணம்.

வயிற்றை அழுத்துமுன் சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். திடீர்த் தலைவலியும் நெற்றி வியர்வையும் வந்தால் உடனே நிறுத்தி, நிமிர்த்தி உட்காரவைத்து, ரத்த அழுத்தம் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் ஆபத்து.

ஆக்சிஜன் 92க்குக் கீழே போனாலோ, சளி நிறம் மாறிக் காய்ச்சல் வந்தாலோ, பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கழுத்துத் தண்டுவடக் காயம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றியும் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். மறுவாழ்வுப் பயிற்சிக்குத் தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1981இல் அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணனே 1975இல் கழுத்தில் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தவர்.

குலசேகரம் அக்கா:
பெல்ட் கட்டிப் பார்த்தோம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அரை டம்ளர் கஞ்சி குடித்தான். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒருக்களித்துக் கிடக்கும்போதும் அழுத்தலாமா?

முட்டம் கரையாள்:
அழுத்தலாம். ஒரு கை விலாவின் பக்கவாட்டில், மறுகை வயிற்றில். இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் போடுவீர்கள் அல்லவா, அப்போது சளி நகரும். அந்த நேரத்தில் செய்யுங்கள். அம்மாவுக்கும் கற்றுக்கொடுங்கள், ராத்திரிக்கு இன்னொரு கை வேண்டும்.