என் முகத்தை அந்தக் காக்காவுக்கு யார் காட்டிக் கொடுத்தா?

மொட்டைமாடி:

கூட்டமா வாழற ஜீவன்கள் ஒண்ணைப் பாத்து ஒண்ணு கத்துக்கறதை நேர்ல பாத்தவங்க இருந்தா எழுதுங்க. எனக்கு நடந்ததுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

நாலு வருஷம் முன்னாடி மாடியில தண்ணி டேங்க் ஓரமா ஒரு காக்கா குஞ்சு விழுந்து கிடந்துச்சு. பறக்கத் தெரியல, வாயைப் பொளந்துக்கிட்டு இருந்துச்சு, வாய்க்குள்ள அப்படி ஒரு சிவப்பு. வெயில்ல செத்துரும்னு ஒரு துண்டை மேல போட்டுப் பொத்தி எடுத்து நிழல்ல விட்டேன், மொத்தமே ஒரு நிமிஷம் இருக்கும். அதுக்குள்ள தலையில ஒரு அடி. திரும்பறதுக்குள்ள இன்னொண்ணு. அன்னைக்கு சாயங்காலம் பத்துப் பன்னெண்டு காக்கா சேந்து கத்துச்சு. சரி, பெத்தவங்க பயம், ரெண்டு நாள்ல மறந்துரும்னு நினைச்சேன்.

மறக்கல. என் தம்பி மாடிக்குப் போனா ஒரு சத்தம் கிடையாது, நான் காலை வச்சா போதும், டேங்க் மேல ஒண்ணு உக்காந்து கழுத்தை நீட்டி அடித்தொண்டையில கத்த ஆரம்பிக்கும், எங்கெங்க இருந்தோ மத்ததெல்லாம் வந்துரும். தம்பி சட்டையைப் போட்டுக்கிட்டுப் போய்ப் பாத்தேன், ஏமாறல. இதெல்லாம் கூட ஞாபக சக்தின்னு விட்டுடலாம். மறு வருஷம் வந்ததைத்தான் என்னால விட முடியல. வாய்ச் சிவப்பு இன்னும் மாறாத ஒரு இளங்குஞ்சு, சம்பவம் நடந்தப்ப முட்டையாக்கூட இல்லாதது, என்னைப் பாத்துக் கத்துது!

தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சுது, அமெரிக்காவுல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல ஜான் மார்ஸ்லஃப்னு ஒருத்தர் 2006ல இதையே சோதனையா பண்ணியிருக்கார். குகை மனுஷன் மாஸ்க் ஒண்ணைப் போட்டுக்கிட்டு ஏழு காக்காவைப் பிடிச்சு, காலுல வளையம் மாட்டி விட்டுட்டாங்க. அப்புறம் அந்த மாஸ்க்கை யார் போட்டுக்கிட்டு நடந்தாலும் காக்காங்க விரட்டுச்சு. இன்னொரு மாஸ்க் போட்டவங்களைக் கண்டுக்கவே இல்ல. வருஷம் போகப் போக கத்துற காக்காவோட எண்ணிக்கை கூடிக்கிட்டே போச்சு, வலையில மாட்டாததும் கத்துச்சு, பின்னாடி பொறந்ததும் கத்துச்சு. ஒருத்தன் பட்ட பாடு ஊருக்கே பாடமாயிடுச்சு.

வெடக்கோழி:

படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு. நான் கோழி வளக்கறேன். ஒரு தடவை ஒரே வாரத்துல அடைக்கோழி ஒரு ஈடு பொரிச்சுது, இன்குபேட்டர்ல வச்சதும் ஒரு ஈடு பொரிஞ்சுது. ரெண்டுக்கும் ஒரே தீவனம், ஒரே தண்ணி, ஆனா ரெண்டும் வளந்த விதமே வேற.

தாய்க்கோழி தீவனத்துகிட்ட நின்னு கொக்கொக்கொக்னு வேகமா ஒரு குரல் குடுக்கும், ஒரு குருணையைக் கொத்தி எடுக்கும், முழுங்காது, கீழ போடும், மறுபடி எடுக்கும், மறுபடி போடும். குஞ்சுங்க ஓடி வந்து தாயோட அலகு நுனி எங்க படுதோ அதே இடத்துல கொத்தும். இன்குபேட்டர் குஞ்சுங்க பாவம், மரத்தூளைக் கொத்துச்சு, சுவத்துல ஆணித்தலையைக் கொத்துச்சு, ஒண்ணோட கால் விரலை இன்னொண்ணு கொத்துச்சு. கடைசியில நான் பென்சிலை எடுத்து தீவனத்து மேல டொக்கு டொக்குன்னு தட்டினேன். நம்புவீங்களோ மாட்டீங்களோ, எல்லாம் ஓடி வந்து பென்சில் முனைகிட்டயே கொத்த ஆரம்பிச்சுது. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் குனிஞ்சு தட்டிக்கிட்டே இருந்தேன், எழுந்திரிக்க மனசு வரல.

இங்கிலாந்துல கிறிஸ்டின் நிக்கோலும் அவரோட சக ஆய்வாளரும் 1996ல ஒண்ணு வெளியிட்டாங்க. ஒரு கலர் தீவனம் நல்லாருக்கும், இன்னொரு கலர் கசக்கும்னு தாய்க்கோழியைப் பழக்கி வச்சாங்க. அப்புறம் அதோட குஞ்சுங்க கசக்கற கலரைத் திங்கற மாதிரி அது கண்ணுக்குத் தெரிய வச்சப்ப, அது தன் தீவனத்தை இன்னும் அதிகமா கொத்திக் கிளறிக் காட்டுச்சாம். குஞ்சு தப்பு பண்ணுதுன்னு பாத்து அதுக்கேத்த மாதிரி மாத்திக்குது. இதைப் போய் வெறும் பழக்கதோஷம்னு எப்படிங்க சொல்ல முடியும்?

சின்னக்கண்ணாடி:

அக்கா சொன்னதுக்குப் பக்கத்துலயே வர்றது. எறும்பு ஃபோட்டோ எடுக்கறவன் நான். ரெண்டே ரெண்டு எறும்பு ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு போறதை லென்ஸ்ல பாத்தேன். பின்னாடி வர்றது உணர்கொம்பால முன்னாடி போறதோட பின்பக்கத்தைத் தட்டும், தட்டினாதான் அது நகரும். தட்டுறது நின்னா அதுவும் நிக்கும், இது அக்கம்பக்கம் சுத்தி வழியைப் பாத்துக்கிட்டு வர்ற வரைக்கும் அசையாது. ஃப்ராங்க்ஸ், ரிச்சர்ட்சன்னு ரெண்டு ஆய்வாளருங்க 2006ல இதைத்தான், வழி தெரிஞ்ச எறும்பு தெரியாததுக்குப் பாடம் நடத்தறதுன்னு எழுதினாங்க. தனியா போனா நாலு மடங்கு வேகத்துல போயிருக்கும் அந்த முன்னாடி எறும்பு, கூட வர்றதுக்காகத்தான் மெதுவா போகுது. அவ்ளோ சின்ன உடம்புல அவ்ளோ பொறுமை.

பட்டிக்காரன்:

எங்க ஆட்டுப்பட்டி கேட்டுல ஒரு இரும்புக் கொண்டி இருக்கு. ஒரு பெட்டைக்குட்டி அதை மூக்கால நெம்பித் திறக்கக் கத்துக்கிச்சு, எப்படின்னு நான் பாக்கல. ஒரு மாசத்துக்குள்ள அது கூடவே படுக்கற ரெண்டு குட்டியும் திறக்குது, கொஞ்ச நாள் கழிச்சு அதோட தாயும். பெரிய கிடா மட்டும் கடைசி வரைக்கும் தொடவே இல்ல, யாராவது திறக்கட்டும்னு பக்கத்துல நிக்கும்.

அப்படியே பாத்து அப்படியே செஞ்சுதுங்கன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். அந்தக் கொண்டிகிட்ட ஏதோ விஷயம் இருக்குன்னு மட்டும் கூட்டாளிகிட்ட இருந்து தெரிஞ்சுக்கிட்டு, மிச்சத்தைத் தானே முட்டி மோதிக் கத்துக்கிட்டிருக்கலாம். ஆனா அதுவும் கூட்டத்தால வந்த படிப்புதான், தனியா கட்டிப் போட்டிருந்தா அதுங்களுக்கு அந்த இடமே தெரிஞ்சிருக்காது.

ஜப்பான்ல கோஷிமா தீவுல 1953ல இமோன்னு பேர் வச்ச ஒன்றரை வயசுப் பெண் குரங்கு சக்கரவள்ளிக்கிழங்கை ஓடைத் தண்ணியில மண்ணு போகக் கழுவ ஆரம்பிச்சுது. அங்கயும் இதே வரிசைதான், முதல்ல கூட விளையாடறதுங்க, அப்புறம் தாய். 1958ல கணக்கெடுத்தப்ப சின்ன வயசுக் குரங்குகள் 19ல 15 கழுவுச்சு, பெரியதுங்க 11ல ரெண்டுதான், அந்த ரெண்டும் பெண். நூறாவது குரங்கு கத்துக்கிட்டதும் கடல் தாண்டி மத்த தீவுக் குரங்கெல்லாம் திடீர்னு கத்துக்கிச்சுன்னு ஒரு கதை சுத்துது, தயவு செஞ்சு நம்பாதீங்க. பக்கத்துல உக்காந்து, மாசக்கணக்குல பாத்துப் பாத்துப் பரவினதுதான் நிஜம், எனக்கு அதுதான் அதிசயம்.

மொட்டைமாடி:

எல்லாருக்கும் நன்றி. வெடக்கோழி அக்கா பென்சில் தட்டினதைப் படிச்சு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வழிகாட்ட பெரியவங்களே இல்லாத குஞ்சுக்கு அந்த இடத்துல மனுஷன்தான் நின்னாகணும். அமெரிக்காவுல வூப்பிங் கொக்குகளுக்கும் அப்படித்தான் பண்ணாங்க, தாயில்லாம வளத்த குஞ்சுகளை 2001ல இருந்து ஒரு குட்டி விமானத்து பின்னாடி பறக்க வச்சு விஸ்கான்சின்ல இருந்து ஃப்ளோரிடா வரைக்கும் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வர்ற வழியை அதுங்களே பாத்துக்கிச்சு. ஆனா 2013ல கணக்குப் போட்டுப் பாத்தப்ப, கூட்டத்துல ஏழு வயசுக் கொக்கு ஒண்ணே ஒண்ணு இருந்தாலும், ஒரு வயசுக் கொக்குங்க மட்டும் போற கூட்டத்தை விட நேர்வழியில இருந்து விலகுறது 38 சதவீதம் கம்மியாயிடுது. ஒண்ணே ஒண்ணு போதுமா இருக்கு பாருங்க.

இன்னைக்குக் காலையில துணி காயப்போட மாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவத்துல ஒரு இளசு, கழுத்துச் சாம்பல் இன்னும் சரியா தெளியல. நாலடி தூரம். தலையை இப்படியும் அப்படியும் சாய்ச்சு என்னையே பாத்துச்சு, பயமே இல்ல. நானும் அசையாம நின்னேன், ஒருவேளை இதோட முடிஞ்சுருச்சோன்னு கூடத் தோணுச்சு. டேங்க் மேல இருந்த பெருசு ஒரே ஒரு தடவை அடித்தொண்டையில கத்துச்சு. இளசு அதைத் திரும்பிப் பாத்துச்சு, என்னைத் திரும்பிப் பாத்துச்சு, ரெண்டடி பின்னால தத்திப் போய் அதே குரல்ல கத்த ஆரம்பிச்சுது.