ஊசி மாற்றுத் திட்டம்: சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஊசி வழியாகப் போதை எடுப்பவர்களிடம் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியது கொடுக்கும் பதிவுபெற்ற திட்டத்தில் வேலை செய்கிறேன். ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் பரவும், அதைத் தடுக்கத்தான். போன வாரம் பையில் பழைய ஊசிகள் இருந்ததற்காக எங்கள் களப்பணியாளர் ஒருவரைக் காவலர்கள் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். பாவம், பயந்துபோய் இப்போது வெளியே வரவே மறுக்கிறார்.

2017 எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, ஊசி கொடுப்பவர், வாங்குபவர் இருவர் மீதும் வழக்கு வராது என்று உதாரணத்தோடே சொல்கிறது. ஆனால் காவலர்கள் 1985 போதைப்பொருள் சட்டத்தையே பேசுகிறார்கள். வழக்கறிஞர்கள் யாராவது இந்தப் பிரிவை எளிய தமிழில் ஒரே பக்கத்தில் எழுதித் தர முடியுமா? எல்லோர் பையிலும் ஒரு பிரதி வைக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் கிடைத்தால் அந்தக் களப்பணியாளரையும் வேலைக்கு அழைத்துக்கொண்டு போவேன்.