கூத்துப் பார்க்கப் போய் வகுப்பெடுத்த கதை

கூத்து, நாடகம் பார்த்த அனுபவங்களைப் பகிரும் இந்த இழையில் மேலே எல்லோரும் பெரிய அரங்குகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என்னுடையது கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபம், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றுக்குள். பாதிக் கதிரை பிளாஸ்டிக். ஞாயிறு பின்னேரம் மூன்றரை என்று நோட்டீசில் போட்டுவிட்டு நாலேகாலுக்குத்தான் தொடங்கினார்கள், அதை விடுங்கள்.

என்னோடு வேலை செய்யும் ஒரு சிங்கள நண்பரையும் கூட்டிப் போயிருந்தேன். கோட்டையில் ரயில் ஏறியதிலிருந்து கடற்காற்றோடு சேர்த்து என்னுடைய வகுப்பும் அவருக்குக் கிடைத்தது. மட்டக்களப்பில் வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளம் போட்டு விடிய விடிய ஆடுவது, வடமோடி தென்மோடி என்று இரண்டு வகை, 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து அதைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார் என்பதெல்லாம். அவ்வளவும் படித்தது. கொழும்பிலேயே வளர்ந்த நான் ஒரு முழுக் கூத்தைக்கூட இருந்து பார்த்ததில்லை, இதை அவரிடம் சொல்லவில்லை.

அன்று ஆடியது கர்ணன் கதை, வடமோடி, ஒன்றரை மணி நேரத்துக்கு வெட்டியது. மத்தளமும் சல்லரி என்ற கைத்தாளமும் தொடங்கியதுமே என் வலப்பக்கத்தில் இருந்த ஐயா (எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும்) தொடையில் தட்ட ஆரம்பித்தார். வாய்க்குள் தாளக்கட்டு, அதாவது ஆட்டத்துக்கான தாளச் சொற்கள், ஓடிக்கொண்டிருக்கிறது. கர்ணன் முதலில் மேடைக்கு வந்து ஆடும் வரவு ஆட்டம் முடியும் இடத்தில் "இஞ்ச விட்டுட்டான்" என்றார், மெல்லமாக இல்லை, முன்வரிசை திரும்பிப் பார்த்தது. எனக்கு எதை விட்டான் என்றே தெரியவில்லை.

இடைவேளையில் பேச்சுக் கொடுத்தேன். மட்டக்களப்புப் பக்கம், மகனுடைய வீட்டுக்கு வந்திருக்கிறார். "நான் மூண்டு தரம் கர்ணனுக்கு ஆடின ஆள், மனே. கரப்புடுப்பைக் கட்டிக்கிட்டு விடிய மட்டும் நிண்டு ஆடிப் பார், அப்பதான் தெரியும். இவனுகள் நல்லாத்தான் ஆடுறானுகள், ஆனா ஏசிக் குளிருக்கு மத்தளம் இறங்கிப் போச்சு, மனே, உனக்குக் கேக்கல்லயா?" கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

இந்த நேரத்தில் நண்பர், மேடை ஓரத்தில் கொப்பியோடு நின்று பாட்டெடுத்துக் கொடுத்தவர் யார் என்று கேட்டார். நான் யோசிக்காமல் "புரொம்டர்" என்று சொல்லிவிட்டேன். ஐயாவுக்கு அந்த ஒரு சொல் போதும், முகம் மாறிவிட்டது. "புரொம்டரோ? ஏட்டண்ணாவியார் எண்டு சொல்லு." ஏடு பிடிக்கும் அண்ணாவியார், அதாவது கூத்து ஆசான், என்று நான் தட்டுத்தடுமாறி மொழிபெயர்க்க, நண்பர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். அப்படியானால் அது எங்கள் பொத்தே குரு, என்றார். பொத்த என்றால் சிங்களத்தில் புத்தகம். அவருடைய பாட்டனார் சிலாபம் பக்கம் நாடகம என்ற சிங்கள இசைக்கூத்துப் பாடியவராம். இரண்டு வருடமாக ஒன்றாகச் சாப்பிடுகிறோம், ஒரு நாளும் சொன்னதில்லை. தமிழ்க் கூத்திலிருந்து போனதுதான் அந்த நாடகம, அங்கேயும் மத்தளம்தான். அதிலிருந்து சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர எடுத்துச் செய்ததுதான் 1956 நவம்பர் 3ஆம் தேதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் முதலில் ஏறிய 'மனமே' நாடகம் என்று சொல்லிவிட்டு, அதில் பொத்தே குரு கதை சொல்லித் தொடங்கும் இடத்தைத் தாழ்ந்த குரலில் பாடியும் காட்டினார். ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விரல் மட்டும் தொடையில்.

அதன் பிறகு நான் அங்கே வெறும் மொழிபெயர்ப்பாளன். அதிலும் பாதி பிழை.

பிற்பாதியில் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடம் நன்றாக இருந்தது, அந்தப் பிள்ளைக்கு மைக்கே தேவைப்படாத குரல். மற்றபடி போர்க் காட்சிக்கு ஏன் சிவப்பு லைட்டைப் போட்டு அணைத்து அணைத்து எரித்தார்கள் என்று தெரியவில்லை, ஆட்டமே போர்தானே.

வெளியே மகன் ஓட்டோவோடு வந்து நின்றும் ஐயா ஏறவில்லை. பொல்லை என் கையில் தந்துவிட்டு, அந்த விட்டுப்போன இடத்தை ஒழுங்கையிலேயே ஆடிக் காட்டினார், நாலே நாலு அடி, மகன் "அப்பா, முழங்கால்!" என்று கத்தக் கத்த. நண்பர் நிலத்தைப் பார்த்து அடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் நண்பர் ஒரு சந்தேகம் கேட்டார். அந்த ஐயாவும் 'மனமே' பார்த்திருக்கிறாரா, உங்களோடு பேசும்போதெல்லாம் மனமே மனமே என்றுதானே சொன்னார்?

அது மனே, மகனே என்பதுதான் என்று விளக்கி முடிப்பதற்குள் பம்பலப்பிட்டி வந்துவிட்டது.