8-பால் ப்ரேக்: ஒரு தடவை சிதறுது, அடுத்த தடவை புஸ்ஸுங்குது. வேகம் பத்தலையா, குறி தப்பா, ரேக்கா?

வலதுகைக்காரன்:
9 அடி பூல் டேபிள்ல 8-பால் ஆடுறேன். மத்த ஷாட்லாம் ஓரளவு கைக்கு வந்துடுச்சு, இந்த ப்ரேக் (முக்கோணமா அடுக்கின பால்கள, அதாவது ரேக்க, உடைக்கற முதல் அடி) மட்டும் நிலையா நிக்க மாட்டேங்குது. ஒரு ப்ரேக்ல ரெண்டு பால் உள்ள போகுது, வெள்ளை (நாம அடிக்கற பால்) நடு டேபிள்ல வந்து சமர்த்தா நிக்குது. அடுத்த ப்ரேக்ல அதே இடத்துல வெச்சு அதே மாதிரிதான் அடிக்கிறேன், ரேக் மந்தமா பிரிஞ்சு பாதி பால் அங்கயே கூட்டமா நிக்குது, வெள்ளை நேரா சைடு பாக்கெட்ல. இன்னும் பலமா அடிக்கணுமா இல்ல குறைச்சு அடிக்கணுமா? ப்ரேக்குக்குன்னு தனியா வெயிட்டான க்யூ (அடிக்கற கோல்) வாங்கலாமான்னும் ஒரு யோசனை ஓடுது.

நடுமேசை:
க்யூ வாங்குறத அப்புறம் பாக்கலாம் ப்ரோ. முதல்ல வேகத்த குறைங்க. முன்னாடி இருக்கற பால நெத்தியில முழுசா அடிக்க முடியற அளவு வேகம் எதுவோ அதுதான் உங்க ப்ரேக் வேகம், அதுக்கு மேல அடிச்சா வேஸ்ட். முக்கால்வாசி பேர் ப்ரேக்னு வந்துட்டா மட்டும் உடம்ப தூக்கி தோள திருப்பி வேற ஆளாவே மாறிடுறாங்க, அப்புறம் வெள்ளை எங்கயோ போகுதுன்னு புலம்பல். பூல் ஆட்டக்காரர் கோரி டுயல் 2001 யூ.எஸ். ஓபன் பூல் போட்டியில மெதுவா ப்ரேக் அடிச்சே பட்டத்த தூக்கிட்டுப் போனார், ஞாபகம் இருக்கட்டும்.

இடிமுழக்கம்:
தல, அது 9-பால். அங்க ஒன்பதே பால், வைர வடிவ ரேக், எந்த பால் எந்த பாக்கெட்டுக்குப் போகும்னு படிச்சு வெச்சு அடிக்கலாம். 8-பால்ல பதினஞ்சு பால் இறுகிக் கிடக்கு, ஒண்ணும் விழலைன்னா நாலு பாலாவது குஷன (டேபிள் ஓரத்து ரப்பர் விளிம்ப) தொடணும், இல்லைன்னா ப்ரேக்கே செல்லாது. இங்க மெதுவா தட்டினா கூட்டம் கலையவே கலையாது.

கணக்கும் சொல்றேன் கேளுங்க. சக்தி வேகத்தோட வர்க்கத்துல போகும். மணிக்கு 20 மைல்ல அடிக்கிறவர் 16-க்கு இறங்கினா ரேக்குக்குப் போற சக்தி 36 சதவீதம் காலி. அதுவே 20-லயே அடிச்சு கால் பால் அளவு விலகிப் பட்டுச்சுன்னு வைங்க, கோணம் 14.5 டிகிரி கிட்ட வரும், முன் பாலுக்குப் போற சக்தியில குறையறது வெறும் 6 சதவீதம் சொச்சம். இப்ப சொல்லுங்க எது பெரிய நஷ்டம்? வேகத்த குறைக்கச் சொல்றது எல்லாம் நோய்க்குப் பயந்து சாப்பாட்ட நிறுத்தற கதை.

நடுமேசை:
கணக்கு சரிதான், ஆனா பாதியில நிறுத்திட்டீங்களே. அந்த 14.5 டிகிரியில வெள்ளைக்கு என்ன ஆகுதுன்னு போடுங்க. அதோட வேகத்துல கால் பங்கு பக்கவாட்டுல மிச்சம் இருக்கும், அதாவது மணிக்கு 5 மைல். ஆறு பாக்கெட் இருக்கற டேபிள்ல அந்த வேகத்துல குறுக்க ஓடற வெள்ளை எங்கயாவது விழாம இருந்தா அது குருட்டு அதிர்ஷ்டம். கேட்டவருக்கு நடக்கறதும் அதேதானே, சைடு பாக்கெட். ரெண்டு பால் போட்டு வெள்ளையையும் போட்டா என்ன பிரயோஜனம், எதிராளி ஹெட் ஸ்ட்ரிங்குக்குப் (ப்ரேக் அடிக்கற பக்கம் டேபிள்ல கால் பங்கு தூரத்துல இருக்கற கோடு) பின்னால வெள்ளைய இஷ்டத்துக்கு வெச்சு ஆடப்போறார், டேபிள் பூரா பால் திறந்து கிடக்கு, பொட்டலம் கட்டிக் கொடுத்த மாதிரி.

சாக்குத்தூள்:
ரெண்டு பேரும் ஸ்ட்ரோக்கயே பிடிச்சுத் தொங்கறீங்க. ரேக்க யாராவது குனிஞ்சு பாத்தீங்களா? முன் பாலுக்கும் அதுக்குப் பின்னால இருக்கற ரெண்டுக்கும் நடுவுல ஒரு முடி அளவு இடைவெளி இருந்தாலே ப்ரேக் வேற மாதிரி ஆயிடும், அடி அங்கயே சிதறிப்போகும். அதுவும் ஃபூட் ஸ்பாட் (ரேக்கோட முன் பால் உக்கார்ற புள்ளி) கிட்ட துணி தேஞ்சு சின்னச் சின்ன குழி விழுந்த டேபிளா இருந்தா, முக்கோணத்த எடுத்ததும் பால்கள் தானா உருண்டு விலகிக்கும். மேல நின்னு பாத்தா தெரியாது. ரேக்குக்குப் பின்னால உக்காந்து வெளிச்சத்துக்கு எதிரா பாருங்க, ஒட்டாத இடத்துல கோடு மாதிரி வெளிச்சம் தெரியும்.

இடிமுழக்கம்:
ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம் 😄 பூல் ப்ரோ ஷேன் வான் போனிங் ப்ரேக்க பாத்திருக்கீங்களா, அந்த அடி அடிச்சா எந்த ரேக்கும் பிரியும்.

சாக்குத்தூள்:
அவர் ஆடற போட்டியில ரேக் டெம்ப்ளேட்ல (பால்கள இடத்துல நிறுத்தற மெல்லிய தாள்) அடுக்கினது, பால் எல்லாம் ஒட்டித்தான் இருக்கும், துணியும் புதுசு. நாம ஆடற டேபிளும் அதுவும் ஒண்ணா? விஷயத்துக்கு வரேன். எது காரணம்னு சண்டை போடறதுக்கு பதில் வெள்ளைய மட்டும் பாத்தா போதும். முழுசா நெத்தியில பட்ட வெள்ளை கொஞ்சம் பின்னால எகிறி நடு டேபிள் பக்கம் வந்து நிக்கும். அப்படி ஒழுங்கா நின்னும் ரேக் பிரியலைன்னா பழி ரேக் மேல. வெள்ளை இடதுபக்கமோ வலதுபக்கமோ ஓடினா பழி உங்க கை மேல, அப்ப ரேக்க குறை சொல்லக் கூடாது. @வலதுகைக்காரன், உங்களுக்கு மோசமா போற ப்ரேக்ல வெள்ளை எப்பவும் ஒரே பக்கமா ஓடுதா, மாறி மாறி ஓடுதா?

வலதுகைக்காரன்:
போன்ல ஸ்லோமோஷன் வெச்சு எடுத்துப் பாத்தேன். பெரும்பாலும் வலதுபக்கம்தான் ஓடுது. ஆனா இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு, வெள்ளை துணியில உருண்டு போகல, பறந்து போகுது! பாலுக்கும் துணிக்கும் நடுவுல பச்சையா இடைவெளி தெரியுது, அப்படியே முன் பாலோட மேல்பாகத்துல மோதி இன்னும் மேல எகிறுது. மந்தமா பிரியற ப்ரேக்ல எல்லாம் இது அதிகமா இருக்கு.

நடுமேசை:
ஆங், இத முதல்லயே சொல்லியிருக்கலாமே. க்யூவோட பின்பக்கம் தூக்கியிருக்கு. மேலருந்து கீழ அடிச்சா வெள்ளை துணிய அழுத்தி எகிறத்தான் செய்யும். வெள்ளைய எங்க வைக்கறீங்க?

வலதுகைக்காரன்:
ரெயிலுக்கு (டேபிள் விளிம்புக்கு) ஒரு ஜாண் தள்ளி. கைய ரெயில் மேல ஊனி அடிக்கறேன், வசதியா இருக்கும்.

நடுமேசை:
அதான். வெள்ளை ரெயிலுக்கு கிட்ட இருக்கற வரைக்கும் க்யூ ரெயில தாண்டி சரிஞ்சுதான் இறங்கணும், படுக்க வைக்கவே முடியாது. ஹெட் ஸ்ட்ரிங் வரைக்கும் முன்னால கொண்டு வந்து கைய துணி மேல ஊனுங்க, க்யூ நல்லா தாழும்.

இடிமுழக்கம்:
கொஞ்சம் எகிறறது தப்பே இல்ல, பலமா அடிக்கற எல்லாரோட வெள்ளையும் எகிறும், ரெயில் இருக்கற வரை க்யூ முழுசா படுக்காது. ரேக்குக்கு வந்து சேர்றப்போ தரையில இருக்கணும், அவ்வளவுதான். இதுக்காக வேகத்த குறைக்காதீங்க.

நடுமேசை:
வெள்ளை எகிறாம போற வரைக்கும் வேகத்த குறைச்சுத்தான் ஆகணும். உங்களுக்குப் பிடிக்கலைன்னாலும் அதான் நிஜம்.

எட்டாம்நம்பர்:
வலதுபக்கமே ஓடுதுங்கறத விட்டுட்டீங்களே எல்லாரும், அங்கதான் துப்பு இருக்கு. மாறி மாறி ஓடினா தடுமாற்றம், ஒரே பக்கம்னா ஒரே தப்பு திரும்பத் திரும்ப. கடைசி நேரத்துல பின்கை உள்பக்கமோ வெளிப்பக்கமோ இழுக்குது, டிப் (க்யூவோட நுனி) வெள்ளையோட நடுவுல படாம ஓரமா படுது. ஓரமா பட்டா வெள்ளை க்யூ போற திசையில போகாது, எதிர்ப்பக்கம் கொஞ்சம் விலகிப் போகும். இதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு: பின்கை இழுத்ததால க்யூவோட திசை ஒரு பக்கம் திரும்புது, விலகல் மறுபக்கம் தள்ளுது, ப்ரிட்ஜ் கைக்கும் (முன்னால க்யூவ தாங்கற கை) வெள்ளைக்கும் நடுவுல ஒரு குறிப்பிட்ட தூரத்துல இந்த ரெண்டும் ஒண்ண ஒண்ணு சரி பண்ணிக்கும். அந்த நீளம் க்யூவுக்கு க்யூ மாறும். சாதா ஷாஃப்ட்டுக்கு (க்யூவோட முன்பாதி) குறைவு, விலகல் கம்மியா இருக்கற ஷாஃப்ட்டுக்கு ரொம்ப அதிகம். ப்ரிட்ஜ முன்ன பின்ன நகர்த்திப் பாருங்க, கை கொஞ்சம் கோணினாலும் வெள்ளை நேரா போற இடம் ஒண்ணு சிக்கும்.

இடிமுழக்கம்:
இது நல்ல பாயிண்ட், ஒத்துக்கறேன். இதையும் முழு வேகத்துலதான் தேடணும், மெதுவா அடிச்சு கண்டுபிடிச்சா கை இழுக்கற தப்பே வெளிய வராது.

சாக்குத்தூள்:
வேகம் வேகம்னு அடிச்சுக்கறீங்களே, அளந்துட்டே பேசலாம். 9 அடி டேபிள்ல ஹெட் ஸ்ட்ரிங்லருந்து ஃபூட் ஸ்பாட் 50 இன்ச், பாலோட விட்டம் 2.25 கழிச்சா வெள்ளை ஓடற தூரம் 47.75 இன்ச். நொடிக்கு 240 ஃப்ரேம் வெச்சு எடுத்தா, டிப்ப விட்டு கிளம்பினதுலருந்து மோதற வரைக்கும் 33 ஃப்ரேம் கிட்ட வந்தா மணிக்கு 20 மைல், 43 வந்தா 15. வெள்ளை சரியா ஹெட் ஸ்ட்ரிங் மேல இருக்கணும், இல்லைன்னா கணக்கு தப்பும். நல்ல ப்ரேக்குக்கும் மோசமான ப்ரேக்குக்கும் எண்ணிப் பாருங்க. ரெண்டும் ஒண்ணாவே இருந்தா இடிமுழக்கம் அண்ணன் வாதம் அங்கயே முடிஞ்சுது.

இடிமுழக்கம்:
இல்லைன்னா உங்களது முடிஞ்சுது 😄

வலதுகைக்காரன்:
எண்ணிட்டேன். நல்லது 36, மோசமானது 35. அப்ப க்யூ வாங்க வேண்டாமா?

எட்டாம்நம்பர்:
வாங்கலாம், ஆனா வெயிட்டுக்காக வேண்டாம். விதிப்படி 25 அவுன்ஸ் வரை இருக்கலாம், அதுக்காக கனமா வாங்கினா கை வேகம்தான் குறையும். தினமும் ஆடற க்யூவோட தோல் டிப் ப்ரேக் அடிச்சு அடிச்சு சப்பையாகி ஓரம் பிதுங்கிடும், அத காப்பாத்தறதுக்கு கெட்டியான டிப் போட்ட தனி க்யூ நல்லது. ஆடற க்யூ வெயிட்டுக்கு கிட்டவே எடுங்க.

இடிமுழக்கம்:
35-லயும் பிரியலையா? அப்ப 30-க்கு கொண்டு வாங்க.

நடுமேசை:
இவர திருத்த முடியாது. @வலதுகைக்காரன், வெள்ளைய முன்னால கொண்டு வந்து எடுத்த வீடியோவ போடுங்க, வெள்ளை துணியில ஒட்டிப் போகுதான்னு பாப்போம்.